மறுசோறு

என் அக்கா புருஷனுக்குச் சாக்குத் தைக்கிற வேலை. நெல் குடோனுக்குப் பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. உள்ளே நுழைந்தால் முதலில் தும்மல் வரும், அப்புறம்தான் ஆள் கண்ணுக்குத் தெரிவார். கிழிந்த சாக்குகள் ஒரு பக்கம் குவிந்து கிடக்க, நடுவில் ஒரு பலகையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து கோணி ஊசியில் சணலைக் கோத்து இழுத்துக்கொண்டிருப்பார். எலி கடித்த ஓட்டை, கொக்கி மாட்டிக் கிழித்த கிழிசல், ஓரம் பிரிந்தது என்று எல்லாம் அவரிடம்தான் வந்து சேரும்.

குடோனில் தாமதமாக வருகிறவன் எவனும் அவர் எதிரில் நின்று காரணம் சொல்ல மாட்டான். "இங்க இருக்கிற சாக்கு பத்தாதுன்னு நீ வேற ஒண்ணு கொண்டு வந்தியா?" என்று கேட்டுவிடுவார். ஊரே அவரைச் சாக்குக்காரர் என்றுதான் கூப்பிட்டது. நான் அதே குடோனில் எடைத் தராசுப் பக்கம் வேலை பார்த்தேன். எனக்கு அவர் அத்தான்.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அவர் சாக்குக்காரர் இல்லை. அது அறுவடை விருந்து நாள்.

அறுப்பு முடிந்து கடைசி வண்டி நெல் குடோனுக்குள் வந்ததும் அடுத்த நாள் விருந்து. முன்னால் இருக்கிற பெரிய களத்தைக் கூட்டிக் கழுவி விடுவார்கள். வயலில் முதலில் அறுத்த கதிர்க்கட்டைப் பெண்கள் தலையில் சுமந்து வந்து குடோன் வாசல் நிலைக்கு மேலே கட்டுவார்கள். போன வருஷத்துக் கட்டு குருவி கொத்தி வெறும் வைக்கோலாகத் தொங்கும். அதை அவிழ்த்துத்தான் அன்றைக்கு அடுப்பு மூட்டுவது. புது அரிசி கொதிக்கிற வாசனை ரோடு வரைக்கும் வரும். பிள்ளைகள் மடிப்புக் கலையாத புதுச் சட்டையோடு எங்கேயும் உட்காராமல் விறைப்பாக நிற்பார்கள்.

விருந்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்குக் களத்தில் கால் வைத்தவரை நீ யார் என்று கேட்கக் கூடாது. வழியில் போகிறவன் வந்து உட்கார்ந்தாலும் தட்டு வைக்க வேண்டும். வருஷம் முழுக்க முகம் திருப்பிக்கொண்டு போகிற பங்காளிகள்கூட அன்றைக்கு ஒரே வரிசையில் தோள் இடிக்க உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சோறு போடுவது மட்டும் ஒரே ஒருவர் கை. அது யார் கை என்பதை மூட்டை தூக்குகிற ஆட்கள் சேர்ந்து முடிவு செய்வார்கள். அத்தானுக்கு மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அது அவர் கைதான்.

அவர் பரிமாறுகிற அழகே தனி. "போதும்னு சொல்றதுல மூணு தினுசு இருக்கு மச்சான்" என்பார் என்னிடம். "கை சொல்ற போதும், வாய் சொல்ற போதும், வயிறு சொல்ற போதும். முதல் ரெண்டையும் காதுல வாங்கவே கூடாது." ஒரு சுற்று முடிந்ததும் மறுசோறு எடுத்துக்கொண்டு திரும்ப வருவார்; கூச்சப்பட்டுத் தட்டை மறைக்கிறவனுக்கு விரல் இடுக்கு வழியாகவே சோறு விழும். புதுசாக வந்து ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பவரைத்தான் முதலில் கவனிப்பார். "என்னங்க, சாப்பிட வந்தீங்களா, சாட்சி சொல்ல வந்தீங்களா? நல்லா நகந்து உக்காருங்க" என்பார். வரிசையே சிரிக்கும்.

அவருக்கு ஒரே பெண். நடக்கத் தெரிந்த வயசிலேயே அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு பந்தியில் வர ஆரம்பித்துவிட்டாள். சும்மா வந்தால் காலில் இடறுகிறாள் என்று அவள் கையில் ஒரு உப்புக் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். அவர் சோறு போட்டுக்கொண்டே போக, பின்னாலேயே இவள் ஒவ்வொரு தட்டிலும் ஒரு சிட்டிகை உப்பு வைப்பாள். சிட்டிகை என்றால் அவள் கணக்குச் சிட்டிகை. சில பேருக்குக் கல் உப்பு கைப்பிடி அளவு விழும். யாராவது முகம் சுளித்தால் அத்தான் திரும்பி, "என் பொண்ணு வெச்ச உப்பு, கரிச்சாலும் சாப்பிட்டுத்தான் ஆகணும்" என்பார். அப்படித்தான் அவளுக்கு உப்பு என்று பேர் வந்தது. பள்ளிக்கூடத்தில் என்ன பேர் கொடுத்திருந்தார்களோ, எங்களுக்கு அவள் உப்புதான்.

அப்பாவும் பெண்ணும் அவ்வளவு ஒட்டு. கொட்டகையில் அவர் தைத்துக்கொண்டிருந்தால் எதிரில் உட்கார்ந்து ஊசிக்குச் சணல் கோத்துக் கொடுப்பாள். "அப்பனுக்கும் மகளுக்கும் நடுவுல எனக்கு உக்கார இடம் இல்லடா" என்று என் அக்கா சொல்லிச் சிரிப்பாள். அதில் கொஞ்சம் பொறாமையும் இருக்கும்.

பெண்ணுக்குக் கல்யாண வயசு வந்தது. குடோன் மேஸ்திரியின் மகனுக்குக் கொடுப்பதாக அத்தான் வாக்குக் கொடுத்துவிட்டார். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றக்கூட இல்லை; தன் பெண் தன் பேச்சைத் தட்டமாட்டாள் என்ற நம்பிக்கைதான். உப்பு இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் காலையில், குடோனுக்கு லோடு ஏற்ற வருகிற லாரி டிரைவர் ஒருவரோடு போய்விட்டாள். அவர் வேறு சாதி, வேறு ஊர். அடக்கமான மனிதர். லோடு ஏற்றும்வரை லாரி நிழலில் உட்கார்ந்து பழைய பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அத்தானே அவருக்கு எத்தனையோ தடவை டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

மேஸ்திரி அதற்கப்புறம் அத்தானோடு பேசவில்லை. அது பரவாயில்லை. பேசின ஆட்கள்தான் கொன்றார்கள். "என்ன சாக்குக்காரரே, மூட்டை தூக்குறவனைப் பாத்திருக்கோம், மூட்டையோட லாரிக்காரன் பொண்ணையும் தூக்கிட்டானே" என்று ஒருவன் அவர் காதுபடவே சொன்னான். அத்தான் தலை நிமிரவில்லை. ஊசி மட்டும் வேகமாகப் போய் வந்தது. வீட்டில் பெண்ணின் பேச்சை எடுக்கக் கூடாது என்றார். அக்கா எடுக்கவில்லை. ராத்திரி தலையணையை நனைத்ததோடு சரி.

அந்த வருஷமும் அடுத்த வருஷமும் விருந்தில் அத்தான்தான் சோறு போட்டார். உப்புக் கிண்ணத்தை வேறு ஒரு குழந்தை எடுத்து வந்தது. கேலி மட்டும் அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

அதற்கு அடுத்த விருந்தில்தான் அது நடந்தது.

நான் கறி வாளியோடு அத்தானுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். இரண்டாவது வரிசையின் பாதியில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பெண் குழந்தை, அப்போதுதான் பால் பல் நிறைந்திருந்தது. புருஷனைக் கூட்டி வரவில்லை. அன்றைக்கு யாரையும் யார் என்று கேட்கக் கூடாதில்லையா, அந்த ஒரு நாளை நம்பி வந்திருந்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினார்கள். ஆனால் எல்லோருடைய கண்ணும் அத்தான் மேல்தான்.

அவர் குனிந்து போட்டுக்கொண்டே வந்தார். அவளுக்கு முந்தின தட்டில் சோறு விழுந்தது. நிமிர்ந்தார். பார்த்தார். அவள், "அப்பா" என்றாள். சத்தம்கூட வரவில்லை, உதடுதான் அசைந்தது. கரண்டி சோற்றுக்குள் போனது. நிறைந்து மேலே வந்தது. அப்படியே அவள் தட்டைத் தாண்டி அடுத்த தட்டில் விழுந்தது.

அவர் வரிசையின் கடைசிவரைக்கும் வேகமாகப் போட்டுக்கொண்டே போய்விட்டார்.

நான் வாளியைக் கீழே வைத்தேன். கட்டுப்பாடாவது ஒன்றாவது என்று அடுப்படிக்கு ஓடி ஒரு தட்டு நிறையச் சோறு அள்ளிக்கொண்டு வந்து அவள் முன்னால் குனிந்தேன். அவள் தன் தட்டைக் கையால் மூடிக்கொண்டாள்.

"இருக்கட்டும் மாமா."

"பிள்ளைக்காவது வாங்கிக்கம்மா."

"அப்பா மறுசோறு கொண்டு வருவார்ல. அப்ப வாங்கிக்கிறேன்." சிரிக்கப் பார்த்தாள். "அவர் ஒருத்தரையும் விடமாட்டார் மாமா. உங்களுக்குத் தெரியாதா?"

குழந்தை பக்கத்துத் தட்டைக் காட்டி என்னவோ கேட்டது. அந்தத் தட்டுக்காரம்மா ஒரு வாய் பிசைந்து அதற்கு ஊட்டினாள். உப்பு ஊட்டட்டும் என்று விட்டுவிட்டாள். வெறும் தட்டுக்கு முன்னால் நேராக உட்கார்ந்து, அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுசோறு வரவில்லை. சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராகக் கை கழுவ எழுந்தார்கள். வரிசை காலியானது. அவளும் எழுந்தாள். தண்ணீர்த் தொட்டியடிக்குப் போய், சோறு படாத அந்தக் கையைச் சாப்பிட்டவர்கள் மாதிரியே தேய்த்துக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். "அம்மாகிட்ட நான் வந்ததை இப்ப சொல்ல வேணாம் மாமா, வேலையில இருக்காங்க" என்று மட்டும் சொன்னாள்.

அக்கா பின்கட்டில் பாத்திரங்களுக்கு நடுவில் இருந்தாள். விஷயம் அவள் காதுக்குப் போய்ச் சேர்ந்து, ஈரக் கையோடு ரோட்டுக்கு ஓடி வந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. அப்படியே ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் விட்டேன். அத்தான் வந்ததும் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள். "ஊருக்கே போட்டீங்களே."

அத்தான் கரண்டி பிடித்த கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு திண்ணையில் போய்ப் படுத்துக்கொண்டார்.

அன்றைக்கு வரிசை முடிந்ததும் அவர் எங்கே போனார் என்பது எனக்குப் பல மாசம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு மழை நாள். குடோனில் வேலை இல்லை. கொட்டகையில் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். நான் கேட்கவில்லை, அவராகவே ஆரம்பித்தார்.

"வேணும்னு தாண்டல மச்சான். கரண்டியைத் தூக்கினப்ப அது மூஞ்சியைப் பாத்தேன். இளைச்சுப் போயிருந்துச்சு. அங்க நின்னா அத்தனை பேர் முன்னால ஓன்னு அழுதுடுவேன். திரும்பி வரப்ப போட்டுக்கலாம்னுதான் நகந்தேன்."

"அப்புறம் ஏன் அத்தான் வரல?"

"அடுப்புக்குப் பின்னால போய் நின்னேன். முகத்தைக் கழுவினேன், துடைச்சேன். கழுவக் கழுவ வந்துக்கிட்டே இருந்துச்சு. அதை அடக்கிட்டு வந்து பாத்தா தட்டு மட்டும்தான் இருந்துச்சு."

சொல்லலாமா வேண்டாமா என்று தவித்து, கடைசியில் சொன்னேன். "அவளும் அதைத்தான் சொன்னா அத்தான். மறுசோறுல வாங்கிக்கிறேன்னு உக்காந்திருந்தா."

அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

"போய்ச் சொல்லுங்க அத்தான். நீங்க சொன்னா போதும். அவ ஒரு நிமிஷத்துல மறந்துடுவா."

"என்னன்னு சொல்றது? அழுகை வந்துச்சு, அதனால உனக்குச் சோறு போடலைன்னா? அது சாக்கு மச்சான். ஊர்ல எவன் சாக்கையும் நான் ஏத்துக்கிட்டதில்ல."

ஆனாலும் போனார். புது அரிசி ஒரு பை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், பஸ் மாறி மாறி அவள் இருந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். வீடு பூட்டியிருந்தது. லாரிக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். அரிசிப் பையைத் திரும்பத் தூக்கி வர மனசு வராமல் அந்த வீட்டுக்காரர்களிடமே கொடுத்துவிட்டு வந்தார்.

எப்படியோ நான் போன் நம்பர் தேடிப் பிடித்தேன். அக்காவுக்கும் மகளுக்கும் பேச்சு ஆரம்பித்தது. ஒரு தடவை நானே உப்பிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா அடுப்புக்குப் பின்னால் நின்று அழுததை, அரிசிப் பையோடு வந்ததை. அவள் கேட்டது இதுதான்.

"அப்பா சொல்லச் சொன்னாரா மாமா? இல்ல நீங்களா சொல்றீங்களா?"

"நானாத்தான்மா."

"சரி. அவரே சொல்லட்டும்."

அவர் சொல்லவில்லை. அக்கா பேசும்போது கதவு ஓரத்தில் வந்து நிற்பார். "உங்க அப்பாதானே? பக்கத்துலதான் நிக்கிறார், பேசுறியா?" என்று அக்கா போனை நீட்டுவாள். அவர் கையை ஆட்டிவிட்டு வாசலுக்குப் போய்விடுவார். எத்தனை தடவை நீட்டினாளோ. கோபம் என்று அக்கா நினைத்தாள். கோபம் இல்லை. பெற்ற மகளுக்கு முன்னால் நிற்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த விருந்துக்கு மூட்டை தூக்குகிறவர்கள் வந்து கூப்பிட்டபோது தோள் வலி என்று சொல்லிவிட்டார். முதல் முதலாக அவர் சொன்ன சாக்கு அது. யாரும் வற்புறுத்தவில்லை. கரண்டி வேறு ஆள் கைக்குப் போனது. களத்தில் கூட்டமும் சிரிப்புமாக இருக்கும்போது அவர் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே தைத்துக்கொண்டிருந்தார். விருந்துச் சோற்றை நான் கொண்டுபோய்க் கொடுத்தால், "வெச்சிட்டுப் போ" என்பார். மாலையில் போய்ப் பார்த்தால் வைத்த இடத்தில் அப்படியே இருக்கும். வருஷா வருஷம் இதேதான்.

போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில் என் அக்கா செத்துப்போனாள். நெஞ்சில் சளி கட்டியது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், திரும்பவில்லை. செய்தி சொன்னதும் உப்பு புருஷனோடும் மகளோடும் வந்து சேர்ந்தாள். குழந்தை வளர்ந்து இரட்டைச் சடை போட்டுக்கொண்டிருந்தது. உப்பு அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து எழுந்திருக்கவே இல்லை. அப்பாவைக் கட்டிக்கொண்டும் அழுதாள். எனக்கு, அப்பாடா, எல்லாம் கரைந்தது என்று தோன்றியது.

அக்காவை எடுத்துக்கொண்டு போய் முடித்துவிட்டு வந்த பிறகு, பக்கத்து வீடுகளிலிருந்து சோறு வந்தது. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். யாரும் எதிர்பார்க்காமல் அத்தான் எழுந்து வந்து பாத்திரத்தைத் தூக்கினார். அவர் கரண்டி பிடித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. பேத்திக்குப் போட்டார். "போதும் தாத்தா" என்றது. கொஞ்சம் கூடவே போட்டார். மருமகனுக்குப் போட்டார். மகளிடம் வந்தார்.

அவள் முன்னால் தட்டே இல்லை.

"எனக்குப் பசிக்கலப்பா" என்றாள்.

அதில் கோபம் துளியும் இல்லை. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழி வாங்குகிற முகம் இல்லை அது. அம்மாவைப் பறிகொடுத்தவளுக்குப் பசிக்கவில்லை, அவ்வளவுதான். இல்லை, அவ்வளவுதானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அத்தான் அள்ளின சோற்றைத் திரும்பப் பாத்திரத்திலேயே விட்டார். அப்புறம் எனக்குப் போட வந்தார்.

சில நாள் இருந்தாள். அம்மாவின் துணிகளை மடித்துக் கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்தாள். சமையலறை அலமாரித் தட்டுகளைத் துடைத்து வேறு பேப்பர் விரித்தாள். அப்பாவுக்கு எந்த மாத்திரை காலையில், எது ராத்திரி என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். அத்தனை நாளும் அந்த வீட்டில் டீ குடித்தாள், தண்ணீர் குடித்தாள். சாப்பிட மட்டும் என் வீட்டுக்கு வந்தாள். "அத்தை தனியா கஷ்டப்படுறாங்க, கூடமாட உதவிட்டு அங்கேயே சாப்பிட்டுக்கிறேன்" என்பாள். என் மனைவிக்குப் புரிந்தது. அவளுக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

கிளம்புகிற அன்றைக்கு பஸ் நிறுத்தம் வரைக்கும் அத்தான் வந்தார். அவள் பையை நான்தான் தூக்குவேன் என்று பிடுங்கி வைத்துக்கொண்டார். பஸ் வரத் தாமதம். எல்லோரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் தொண்டையைச் செருமினார்.

"அன்னைக்கு வந்தேல்ல நீ..." என்றார்.

"அப்பா." அவள் அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "விடுங்கப்பா. அதெல்லாம் எதுக்கு இப்ப."

"இல்லம்மா, நான் வந்து..."

"பஸ் வந்துடுச்சு."

நிஜமாகவே வந்துவிட்டது. ஏறினார்கள். மருமகன் படியில் நின்றபடி, "ஒரு தடவை நம்ம வீட்டுக்கு வாங்க மாமா, கடலைப் பாத்துட்டு வரலாம்" என்றார். அத்தான் ஜன்னல் பக்கம் பார்த்தார். அவளும் வாங்கப்பா என்பாளா என்று பார்த்தார். அவள் மகளுக்குச் சடை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். பஸ் நகரும்போது கையை ஆட்டினாள்.

அத்தான் அந்த ஊருக்குப் போகவில்லை. "மருமகன் கூப்பிட்டாரே அத்தான்" என்றால், "அவர் கூப்பிட்டார்" என்பார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் உப்பு அவருக்குப் போன் செய்கிறாள். தவறியதே இல்லை. மாத்திரை போட்டீங்களா, மகளுக்குப் பரீட்சை, இங்கே வெயில், அங்கே மழையா என்று கேட்பாள். மரியாதையாக, அன்பாக, தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரிடம் பேசுகிற மாதிரி. அவரும் எடுத்துப் பேசுகிறார். "திட்டினாக்கூடத் தேவலை மச்சான்" என்றார் என்னிடம் ஒரு நாள். "சின்னப் பிள்ளையில என்னமா சண்டை போடும் என்கூட. இப்ப எல்லாத்துக்கும் சரிப்பா, சரிப்பாங்குது."

போன ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"உப்பு பேசுச்சு. குரல் ஒரு மாதிரி இருக்கேப்பா, சளி பிடிச்சிருக்கான்னு அதுவாவே கேட்டுச்சு. வெந்நீர் குடிக்கச் சொல்லிச்சு."

எதிர்வீட்டுக்காரரிடமும் அதைச் சொல்லியிருந்தார். பால்காரரிடமும் சொல்லியிருந்தார். அவருக்குச் சளியே இல்லை. நான் கிளம்புகிறவரைக்கும், அடுப்பில் வைப்பதும் ஆற்றுவதும் குடிப்பதுமாக, வெந்நீர் குடித்துக்கொண்டே இருந்தார்.